குழாய்க்குள் ஒரு மரக்கட்டை

ஃபில்ட்டரில் வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரமாகியும் டிகாஷன் இறங்கவில்லை. புதிதாக அரைத்து வந்த பொடி, வழக்கத்தைவிட நைஸ். மேல் பாத்திரத்தின் பக்கவாட்டில் கரண்டிக் காம்பால் நாலு தட்டு தட்டினேன். ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அன்றைக்கென்று சிங்க்கும் படுத்துவிட்டது. முந்தின நாள் வீட்டில் விசேஷம். வடைச் சட்டி, அப்பளம் பொரித்த வாணலி எல்லாம் அதில்தான் கழுவப்பட்டன. காலையில் பார்த்தால் அரை அடிக்குத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் பொட்டுகள்.

பிளம்பர் தம்பி வர ஒரு மணி நேரமாகும் என்றார். அதற்குள் மகள், அலமாரியில் இருந்த அடைப்பு நீக்கும் பவுடர் பாக்கெட்டை எடுத்து அதிலிருந்த ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அன்க்ளாக்னா அடைப்பு எடுக்கிறதுன்னு தெரியும்மா. ஆனா க்ளாக்னா கட்டைச் செருப்பாச்சே? செருப்புக்கும் சிங்க்குக்கும் என்ன சம்பந்தம்?”

நல்ல கேள்வி. பைப்பைக் கழற்ற ஆள் வருவதற்குள் அந்தச் சொல்லைக் கழற்றிப் பார்க்கலாம் என்று இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்தோம். (தமிழ் எழுத்தில் இது கடிகாரத்தைச் சொல்லும் க்ளாக் போலவே தெரியும். அந்தச் சொல் மணியைக் குறிக்கும் இடைக்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இதற்கு உறவில்லை.)

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் க்ளாக் என்றால் மரக்கட்டை, வெறும் கட்டை. அதைக் குடைந்து காலில் மாட்டினார்கள், செருப்புக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. பாதக்குறடு அணிந்த ஊர்க்காரர்களான நமக்கு அதில் புதிர் ஏதும் இல்லை. ஆனால் சிங்க்குக்குப் போகும் வழி செருப்பின் வழியாகப் போவதில்லை. அது மாட்டுத் தொழுவத்தின் வழியாகப் போகிறது. ஓடிப்போகும் கால்நடையின் காலிலோ கழுத்திலோ ஒரு கனத்த கட்டையைக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். நம் ஊரிலும் வேலி தாண்டும் மாட்டின் கழுத்தில் கட்டையைத் தொங்கவிடுவார்கள். ஓட எத்தனித்தால் முன்னங்காலில் இடிக்கும். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் செயலே வினைச்சொல் ஆயிற்று. க்ளாக் செய்வது என்றால் கட்டையைக் கட்டி இடைஞ்சல் செய்வது. ஊர் சுற்றும் பையனைப் பார்த்து “ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்” என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இதே தொழுவத்திலிருந்து கிளம்பிய பேச்சுதான்.

இதைச் சொல்லும்போது எனக்கு முட்டுக்கட்டை நினைவுக்கு வந்தது. தேரோட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கும் தேர் அந்தக் கட்டையில் ஏறித் தயங்கும், திரும்பும், நிற்கும். அந்தக் கட்டைதான் இன்றைக்கு அலுவலகத்திலும் அரசியலிலும் “முட்டுக்கட்டை போடுகிறார்கள்” என்று வாய்க்கு வாய் வருகிறது. இரண்டு மொழிகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், தடையைச் சொல்ல ஒரே பொருளைத்தான் கையில் எடுத்திருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் க்ளாக் என்ற பெயர்ச்சொல்லும், வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும் எதற்கும் ஆகிவந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால்கட்டை மாட்டை நிறுத்துவதில்லை. மாடு நடக்கும், மேயும், குளத்துக்கும் போகும், எல்லாம் மெதுவாக. இதற்குச் சரியான சமையலறை உதாரணம் அடுப்புமேலேயே இருந்தது. ஃபில்ட்டரின் துளைகள் மூடவில்லை. நைஸ் பொடி ஒவ்வொரு துளையின் வாயிலும் அப்பிக்கொண்டு தண்ணீரைத் தயங்க வைத்திருக்கிறது. சொட்டு விழுகிறது, ஆனால் அடுத்த சொட்டுக்கு நாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. க்ளாக் என்பது அந்தக் காத்திருப்பு.

ஆங்கிலக்காரர்கள் இதைப் பிரித்தே பேசுகிறார்கள். எலுமிச்சை மூடி ஒன்று முழுசாகக் குழாய்க்குள் விழுந்து வாயை அடைத்தால் அது ‘ப்ளாக்’. மிக்ஸி ஜாரின் மூடி திருகிய இடத்தில் இறுகிக்கொண்டு வராமல் போனால் ‘ஜாம்’. வடைச் சட்டியின் பிசுக்கு நாள்பட நாள்பட உள்சுவரில் ஏறி வழியைச் சுருக்கினால்தான் ‘க்ளாக்’. அந்தச் சொல்லின் இந்தப் பொருள், அதாவது வேற்றுப் பொருள் சேர்ந்து வழியைத் திணறடிப்பது, 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எழுத்தில் காணக் கிடைக்கிறது. கட்டையைக் கட்டியதற்கும் குழாய் திணறியதற்கும் நடுவில் ஏறக்குறைய 300 ஆண்டுகள். முதலில் மரத்தின் பாரம். அப்புறம் எந்தப் பாரமும். அப்புறம் செருப்பில் அப்பி நடக்கவிடாத சேறு போல ஒட்டிக்கொள்ளும் பாரம். கடைசியில் ஒட்டிக்கொண்டு வழியை அடைப்பது. சட்டியின் அடியில் கரி ஏறுவது போல ஒரு பொருளின்மேல் இன்னொன்று படிந்திருக்கிறது. சுரண்டினால் அடியில் மரம்.

தமிழில் இந்தப் பிரிவினை இல்லையா என்று மகள் கேட்டாள். இருக்கிறது, நாம் சிங்க் அருகில் அதைப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். ‘அடை’ என்பது திறப்பை மூடுவது. கடையை அடைக்கிறோம், ஆட்டைப் பட்டியில் அடைக்கிறோம், கடனைக்கூட ஓட்டையைப் போல அடைக்கிறோம். மெல்ல மெல்ல நிரம்பிப் போவதற்கு வேறு வினை உண்டு. தூர்தல். கிணறு தூர்ந்துபோகிறது, வாய்க்கால் தூர்ந்துபோகிறது. ஒரே நாளில் ஆவதில்லை, ஒருவர் செய்வதுமில்லை. அதைச் சரிசெய்வதற்கு ஊர் கூடித் தூர் வாருவார்கள். க்ளாக் என்ற ஆங்கில வினைக்கு மிக நெருக்கமான தமிழ் வினை இதுதான் என்பது என் எண்ணம்.

இனி ‘அன்’. இதை நான் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் காட்டித்தான் விளக்கினேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் பொடி, இரண்டிலும் ஒரே மாதிரி மூடி. ஆங்கிலத்தின் அலமாரியிலும் ‘அன்’ என்று எழுதிய இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன.

முதல் டப்பாவில் இருப்பது இல்லாமை. அன்ஹேப்பி, அன்ஃபேர். இந்த ‘அன்’ சமஸ்கிருதத்தின் அ-, அந்- என்ற முன்னொட்டுக்கு உடன்பிறப்பு. அநியாயம், அசுத்தம் என்று நாம் சொல்லும்போது நம் வாயில் வருவது இதன் உறவுக்காரர். இரண்டாவது டப்பாவில் இருப்பது எதிர்ச்செயல். செய்ததைத் திருப்பிச் செய்வது. அன்லாக், அன்டை, அன்ஃபோல்ட். இந்த ‘அன்’ வேறு வேரிலிருந்து வந்தது. எதிரே, எதிராக என்று பொருள்படும் வேர். ஆன்டிபயாடிக்கில் உள்ள கிரேக்க ‘ஆன்டி’ அதன் உறவு. பதில் என்று பொருள்படும் ‘ஆன்சர்’ என்ற சொல்லின் தலையிலும் அதுவே உட்கார்ந்திருக்கிறது, ஒருவர் சொன்னதற்கு எதிராகச் சத்தியம் செய்வது என்பது அதன் ஆதிப் பொருள். பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி உருவம் இருந்தது. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே மூடியின்கீழ் வந்துவிட்டன. அதனால்தான் ‘அன்லாக்கபிள்’ என்ற ஒரே சொல்லுக்குப் பூட்டவே முடியாதது என்றும் பூட்டைத் திறக்க முடிவது என்றும் இரண்டு பொருள் சொல்ல முடிகிறது. எந்த டப்பாவிலிருந்து எடுத்தோம் என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது டப்பாவை எல்லா வினைமேலும் தூவ முடியாது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அமெரிக்காவில் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்பவர் இதை ஆராய்ந்தார். வேதிப் பொறியியல் படித்தவர். ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் ஆலைகளைச் சோதிக்கும் வேலை. மிச்ச நேரமெல்லாம் மொழி ஆராய்ச்சி. 1930-களில் அவர் கண்டது இது: ‘அன்’ ஏற்கிற வினைகள் பெரும்பாலும் மூடுவது, சுற்றுவது, கட்டுவது, ஒட்டுவது என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் பெயரும் இல்லை, அடையாளமும் இல்லை. ஆனாலும் பேசுகிறவர்களுக்கு அதன் எல்லை தெரிந்திருக்கிறது. அடுப்படியில் சோதித்துப் பாருங்கள். பாத்திரத்தை மூடினால் திறக்கலாம், பொட்டலத்தைக் கட்டினால் அவிழ்க்கலாம், வாழையிலையைச் சுருட்டினால் விரிக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஆங்கிலம் ‘அன்’ போடும். பாலைக் காய்ச்சியதையும், பருப்பை அரைத்ததையும், எண்ணெயைச் சிந்தியதையும் திருப்ப முடியாது. அங்கே ‘அன்’ ஒட்டாது. க்ளாக் எந்தக் குடும்பம்? காலில் கட்டையைக் கட்டுவது. எனவே கட்டுகிற குடும்பம். அதனால்தான் ‘அன்’ அதன்மேல் இத்தனை சுலபமாக உட்கார்ந்தது.

தமிழுக்கு இந்த டப்பா இல்லை. அது குறையென்று நான் நினைக்கவில்லை. கட்டியதை அவிழ்க்கிறோம், மூடியதைத் திறக்கிறோம், மடித்ததை விரிக்கிறோம், கோத்ததை உருவுகிறோம். ஒவ்வொரு எதிர்ச்செயலுக்கும் தனி வினை, அதனதன் கை அசைவோடு.

சரி, முதன்முதலில் ஆங்கிலத்தில் அன்க்ளாக் செய்யப்பட்டது எந்தக் குழாய்? குழாயே இல்லை, ஒரு தாயின் நெஞ்சு. 17-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘கொரியலேனஸ்’ நாடகத்தில் இந்த வினை வருகிறது. அகராதிகள் காட்டும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. ரோமாபுரியிலிருந்து மகன் விரட்டப்பட்டுவிட்டான். அதற்குக் காரணமான இரண்டு மக்கள் பிரதிநிதிகளைத் தெருவில் பார்த்துத் தாய் வொலும்னியா சபித்துத் தீர்க்கிறாள். அவர்கள் போன பிறகு, தினம் ஒரு தரம் இவர்களைப் பார்க்கக் கிடைத்தால்கூட என் நெஞ்சின் கனம் குறையும் என்கிற பொருளில் சொல்கிறாள். குறைப்பதற்கு அவள் சொல்லும் வினை அன்க்ளாக். குழாய் திணறுவதைக் குறிக்க இந்தச் சொல் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னாலேயே நெஞ்சிலிருந்து கட்டையை இறக்கி வைப்பதற்கு வந்துவிட்டது. “மனசுல இருக்கிற பாரத்தை இறக்கி வெச்சேன்” என்று நாம் சொல்வதற்கும் வொலும்னியா சொன்னதற்கும் நடுவே நான் வித்தியாசம் காணவில்லை.

மகளுக்கு நாடகத்தைவிடப் பவுடர் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் ஆர்வம். அதற்கும் வந்தோம்.

அடைப்பைப் போக்க மூன்று வழிதான். குத்துவது, உலுக்குவது, கரைப்பது.

குத்துவதற்கு என் அம்மாவின் பம்பு ஸ்டவ்வை விடச் சிறந்த பாடம் இல்லை. ஸ்வீடனில் 1892-இல் ஃப்ரான்ஸ் லின்ட்க்விஸ்ட் உருவாக்கிய ப்ரைமஸ் அடுப்பின் வம்சம் அது. மண்ணெண்ணெய் சூடாகி ஆவியாகி ஒரு நுண்ணிய துளை வழியே சீறி வர வேண்டும். கரி படிந்து துளை சுருங்கினால் நீலச் சுடர் மஞ்சளாகித் தள்ளாடும். உடனே தகரப் பட்டையின் நுனியில் மெல்லிய கம்பி வைத்த ஸ்டவ் பின் வரும். ஒரு குத்து, நீலம் திரும்பிவிடும். அவசரத்துக்குத் தேடினால் அந்தப் பின் கிடைக்காது என்பதால் அம்மா காலண்டர் ஆணியிலேயே மாட்டி வைத்திருப்பார். பிளம்பர் கொண்டுவரும் சுருள் கம்பி அதே பின்தான், நீளம் அதிகம்.

உலுக்குவதற்கு ரப்பர் கிண்ணம் வைத்த பிளஞ்சர். பலரும் அதை ஓங்கி அழுத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட இரண்டு டம்ளர்களை எப்படிப் பிரிப்பீர்கள்? இப்படியும் அப்படியும் ஆட்டித்தானே? அதே கதை. அழுத்தும்போது அடைப்பு ஒரு நூல் கீழே போகிறது, இழுக்கும்போது ஒரு நூல் மேலே வருகிறது. அந்த ஆட்டத்தில்தான் பிடி தளர்கிறது. கிண்ணம் முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. உள்ளே காற்று இருந்தால் கை பலம் எல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். சிங்க்கில் வேறு ஓட்டை இருந்தால் ஈரத்துணியால் அதை மூடிவிட வேண்டும்.

பிளஞ்சர் என்ற பெயருக்குள்ளும் ஒரு பாரம் இருக்கிறது. ஈயத்துக்கு லத்தீனில் ‘ப்ளும்பம்’. கடலின் ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டி இறக்கிய ஈயக் குண்டிலிருந்து, பிரெஞ்சு வழியாக ‘பிளஞ்ச்’ என்ற வினை வந்தது. ஈயக் குழாய் பதித்தவர் பிளம்பர். கொத்தனாரின் தூக்குக்குண்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் அதே ஈயம். மரத்தின் கனத்தை ஈயத்தின் கனத்தால் விரட்டுகிறோம் என்று சொன்னால் சொல்லளவில் தப்பே இல்லை.

கரைப்பதுதான் பவுடரின் வேலை. அந்த வகைப் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. அது எண்ணெயைக் கண்டால் சோப்பாக மாற்றும். சோப்புத் தொழிற்சாலையில் நடப்பதும் இதுவே. கரையாத பிசுக்கு, கரையும் சோப்பாகித் தண்ணீரோடு போகும். ஆனால் தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும், தோலையும் கண்ணையும் அரிக்கும், அலுமினியத்தைத் தின்னும். ஏற்கெனவே அரை அடி தண்ணீர் நிற்கிற சிங்க்கில் அதைக் கொட்டிவிட்டுப் பிறகு பிளம்பரைக் கை வைக்கச் சொல்வது கொடுமை. அதனால்தான் பாக்கெட்டைப் பிரிக்கவிடாமல் மகளிடமிருந்து வாங்கி வைத்தேன்.

இதே சோப்பு எதிரியாகவும் மாறும். சாக்கடைக்குள் போன கொழுப்பு அங்குள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் கரையாத சோப்பு உண்டாகும். போர் தண்ணீரில் குளித்தால் வாளியில் படியும் வெள்ளைப் படிவு போல, ஆனால் கல்லாக. 2017-இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் தெருவுக்கு அடியில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நீளம் 250 மீட்டர், எடை 130 டன். ஆட்கள் உள்ளே இறங்கி மண்வெட்டியாலும் நீர்ப் பீச்சாலும் உடைத்து எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு துண்டை மறு வருடம் லண்டன் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்தார்கள். எத்தனை ஆயிரம் வாணலிகளின் மிச்சம் அது என்று நினைத்தால் எனக்கு வாணலியைத் துடைக்காமல் கழுவக் கை வருவதில்லை.

தமிழில் அடைப்பு என்று சொன்னாலே வயதானவர்கள் உள்ள வீட்டில் நினைவுக்கு வருவது சிங்க் அல்ல. மாரடைப்பு. நம் சொல்லே அதை அடைப்பு என்று சொல்லிவிட்டது. மருத்துவர்களும் குழாய்க் கணக்கில்தான் தொடங்கினார்கள். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்ல்ஸ் டாட்டர், 1964 ஜனவரியில், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்மணியின் கால் தமனியைக் கத்தியில்லாமல் உள்ளிருந்தே விரித்துக் காட்டினார். பிளம்பருக்குக் குழாயில் முடிவது நமக்கு ரத்தக் குழாயில் முடியாதா என்பது அவர் வாதம். அதற்குப் பிறகு சூரிச் நகரத்தில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் நுனியில் பலூன் வைத்த குழாயைச் செய்தார். எங்கே வைத்து? தன் வீட்டுச் சமையலறை மேசையில். வேலை முடிந்து வந்த இரவுகளில், மனைவியும் உதவியாளர்களும் கூட உட்கார, ஒட்டியும் வெட்டியும் பார்த்துச் செய்தது அது. 1977 செப்டம்பர் 16 அன்று அதைக் கொண்டு ஒருவரின் இதயத் தமனியை விரித்தார்.

இங்கேதான் சிங்க் உதாரணத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவருக்கு அடைப்பு இருப்பதாகச் சொன்னபோது, பைப்பைப் போல உள்ளே கம்பி விட்டுக் கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. தமனியில் கொழுப்பு உள்பரப்பில் பிசுக்காக ஒட்டுவதில்லை, சுவருக்குள்ளேயே சேர்கிறது. உப்பிய பூரியின் இரண்டு தோலுக்கு நடுவே மசாலா அடைத்தது போல. அந்த மேல் தோல் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை மூடுகிறது. பல மாரடைப்புகள் அப்படி வருபவை. அதுவரை வழி பெரிதாகச் சுருங்காமல்கூட இருந்திருக்கும். பலூனும், உள்ளேயே விட்டு வைக்கிற ஸ்டென்ட் என்ற வலைக் குழாயும் கொழுப்பைச் சுவரோடு அழுத்தி வழியை அகலப்படுத்துகின்றன, எடுத்து வெளியே போடுவதில்லை. அதனால்தான் ஸ்டென்ட் வைத்த பிறகும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்கிறார்கள். “அடைப்பை எடுத்தாச்சு, இனி என்ன” என்று மாத்திரையை விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்களை ஏமாற்றியது ‘எடுத்தாச்சு’ என்ற அந்தச் சொல்தான்.

பிளம்பர் தம்பி வந்துவிட்டார். கம்பியும் எடுக்கவில்லை, பிளஞ்சரும் எடுக்கவில்லை. சிங்க்குக்கு அடியில் குனிந்து, ஒரு பக்கெட்டை வைத்து, பாட்டில் ட்ராப்பின் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றினார். நாற்றம் மேலே வராமலிருக்கக் கொஞ்சம் தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்கிற கிண்ணம் அது. தண்ணீர் தங்கும் இடத்தில் கசடும் தங்கும். உள்ளே சாம்பல் நிறத்தில், மெழுகு போல, விரல் தடிமனுக்கு.

“என்ன தம்பி, எதாவது விழுந்து அடைச்சிருக்கா?”

“அடைக்கலைக்கா. தூர்ந்து போயிருக்கு.”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ் கேட்டார். அவள் எடுத்து வரப் போனபோது நான் ஃபில்ட்டரைத் திறந்து பார்த்தேன். இரண்டு விரற்கடை அளவுக்கு டிகாஷன் இறங்கியிருந்தது. மூன்று பேருக்குப் போதும். பாலை அடுப்பில் வைத்தேன்.